மூத்தவன் கூப்பிடறான்

இந்தக் கதையை நான் ஏழு வருடமாக நம்பவில்லை. சொன்னவன் வேறு யாரும் இல்லை, என் கூடப்பிறந்த தம்பி. அவன் சொன்னதை அப்படியே உங்களுக்குச் சொல்கிறேன். கேட்டுவிட்டு நீங்கள் நம்புவீர்களா என்று சொல்லுங்கள். தர்மபுரி போய்ச் சேர எப்படியும் ஒரு மணி நேரம் ஆகும். இந்தக் கணவாய் ஏற்றத்தில் லோடு வண்டி இதற்குமேல் போகாது. உங்கள் பஸ்ஸைச் சரிசெய்து முடிப்பதற்குள் நாம் போய்விடுவோம், அது நிச்சயம். வெயில் முகத்தில் அடித்தால் அந்தத் துண்டைக் கண்ணாடியில் சொருகிக்கொள்ளுங்கள்.

கிளீனர் இல்லையா என்று பார்க்கிறீர்கள். இப்போதெல்லாம் யாரும் வருவதில்லை. தனியாகத்தான் ஓட்டுகிறேன். இங்கேதான் தூக்கம், இங்கேதான் சமையல். வருடத்தில் பத்து மாதம் இந்த கேபின்தான் வீடு. பேர் நாச்சிமுத்து. ஊர் சங்ககிரிக்கு மேற்கே. முப்பது வருடமாக ஜவ்வரிசி மூட்டை ஏற்றிக்கொண்டு நாக்பூர் போகிறேன். அங்கே விரதத்துக்கு ஜவ்வரிசிதான் சாப்பிடுவார்கள். அவர்கள் விரதம் இருப்பதால் நான் சாப்பிடுகிறேன், அப்படி வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் யாராவது தொழில் என்ன என்று கேட்டால் விவசாயம் என்றுதான் சொல்வேன். சிரிக்காதீர்கள். இரண்டு ஏக்கர் மஞ்சள் தோட்டம் இருக்கிறது. இதோ மேலே தொங்குகிறதே, அது போன வருட மஞ்சள் கொத்து. சீட்டுக்கு அடியில் மண்வெட்டி இருக்கிறது. டயருக்கு மண் அணைக்க என்று மற்ற டிரைவர்களிடம் சொல்வேன். உண்மையில் எதற்கு வைத்திருக்கிறேன் என்று எனக்கே தெரியாது. ஆதிலாபாத் பக்கம் பருத்திக் காட்டில் புழு விழுந்திருந்தால் வண்டியை நிறுத்தி இறங்கிப் போய்ப் பார்ப்பேன். பாஷை தெரியாது. இலையைத் திருப்பிக் காட்டுவேன், அந்த ஆள் தலையில் கை வைத்துக்கொள்வார். நானும் வைத்துக்கொள்வேன். பிறகு இரண்டு பேரும் டீ குடிப்போம்.

நம்பாமல் போன கதையைச் சொல்கிறேன் என்றேன் அல்லவா. தம்பி சொன்னது இதுதான்.

"காத்தால காப்பித்தண்ணி குடிச்சாரு. குடிச்சுப்போட்டு டம்ளரக் கீழ வெச்சாரு. கட்டல்ல சாஞ்சாரு. நான் சொசைட்டிக்குப் பால் ஊத்திட்டு வந்து பாத்தா, தூங்கறாப்பல இருந்துச்சு. எழுப்புனேன், எந்திரிக்கல. காத்தால இருந்து கரண்டே இல்லீங்ணா. அய்யன் தோட்டத்துப் பக்கமே போவல."

எங்கள் வீட்டில் அப்பாவை அய்யன் என்போம். அய்யன் செத்த கதை இவ்வளவுதான். எழுபத்து நான்கு வயது. காப்பி குடித்தார், சாய்ந்தார், போய்விட்டார். நல்ல சாவு என்று ஊரே சொன்னது.

இதில் நம்பாமல் இருக்க என்ன இருக்கிறது என்று நினைப்பீர்கள். நினைப்பு நியாயம்தான். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். நான் கரண்டைப் பற்றிக் கேட்கவே இல்லை.

அய்யன் இருக்கும்போதே நிலத்தைப் பாகம் பிரித்துவிட்டோம். எனக்கு இரண்டு ஏக்கர், தம்பி சென்னியப்பனுக்கு இரண்டு ஏக்கர். கிணற்றைப் பிரிக்க முடியாது அல்லவா. கிணறு பொது, மோட்டார் பொது. ஒரு நாள் தண்ணீர் அவனுக்கு, மறுநாள் எனக்கு. இதை முறை என்போம். முறை என்றால் விளையாட்டு இல்லை. ஒருத்தர் முறையில் இன்னொருத்தர் போய் ஸ்டார்ட்டரைத் தொடக் கூடாது. போடவும் கூடாது, நிறுத்தவும் கூடாது. எங்கள் பக்கத்தில் அதற்காகப் பங்காளிகளுக்குள் அரிவாள் வெட்டு நடந்திருக்கிறது.

சென்னியப்பன் தோட்டத்திலேயே வீடு கட்டிக்கொண்டு இருக்கிறான். அய்யன் அவனோடு இருந்தார். என் மனைவி ரங்கநாயகி, பெண் படிப்புக்காக சங்ககிரியில் வாடகை வீட்டில் இருந்தாள். நான் இதோ, இந்த ரோட்டில். அப்படியானால் என் முறையில் தண்ணீர் கட்டுவது யார்? அய்யன்தான். வாய்க்காலில் வரும் தண்ணீரை ஒவ்வொரு பாத்திக்கும் மடை திறந்துவிட்டு, நிரம்பியதும் மண்ணால் அடைத்து, அடுத்ததைத் திறக்க வேண்டும். சின்னவனைத் தொட விடமாட்டார்.

"அது மூத்தவன் மொறை. நீ ஏன்டா வர்ற? உனக்கு நாளைக்குத்தான்" என்பார்.

பத்து வருடத்துக்கு முன்னால் மோட்டாருக்கு ஒரு பெட்டி வாங்கி மாட்டினேன். செல்போனில் போடும் ஸ்டார்ட்டர். நீங்களும் கேள்விப்பட்டிருப்பீர்கள். அந்தப் பெட்டிக்குள் ஒரு சிம் கார்டு இருக்கும். எங்கே இருந்தாலும் அந்த நம்பரைக் கூப்பிட்டால் ஒரு பெண் குரல் பேசும். "வணக்கம். மும்முனை மின்சாரம் இருக்கிறது. மோட்டாரை இயக்க ஒன்றை அழுத்தவும்." ஒன்றை அழுத்தினால் நாக்பூரில் இருந்துகொண்டே நான் என் தோட்டத்து மோட்டாரைப் போட்டுவிடலாம். "மோட்டார் ஓடிக்கொண்டிருக்கிறது. நன்றி" என்று அந்தப் பெண் சொல்லும். என் போனில் அந்த நம்பரைக் கிணறு என்று பதிந்து வைத்திருக்கிறேன். ரங்கநாயகி கூட ஒரு தடவை பார்த்துவிட்டு, "எம் பேருக்கு மேல கிணறு இருக்குது, பாருங்க" என்றாள். அகர வரிசையில் அப்படித்தான் வரும் என்றேன். உண்மையில் ஒரு நாளில் நான் முதலில் கூப்பிடுவதும் கிணற்றைத்தான்.

அய்யன் போனில் பேசமாட்டார். காதில் வைத்துக் கொடுத்தால், "செரி, செரி" என்று இரண்டு சொல் சொல்லிவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுவார். ஆனால் மோட்டார் சத்தம் கேட்டால், தண்ணீர் தொட்டியில் விழும் சத்தம் கேட்டால், எங்கே இருந்தாலும் எழுந்துவிடுவார். மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு என் தோட்டத்துக்கு நடப்பார். யாராவது எங்கே போகிறீர்கள் என்று கேட்டால், "மூத்தவன் கூப்பிடறான்" என்பாராம். இதைத் தம்பி மனைவி சாந்தாமணி ஒரு தடவை சிரித்துக்கொண்டே சொன்னாள். அவள் கிண்டலாகத்தான் சொன்னாள். எனக்குக் கிண்டலாகப் படவில்லை.

இன்னொன்றும் சொல்கிறேன். இதை யாரிடமும் சொன்னதில்லை. தண்ணீர் தோட்டத்துக்குப் போய்ச் சேரப் பத்து நிமிடம். ஒரு பாத்தி நிரம்பப் பத்து நிமிடம். மோட்டாரைப் போட்டுவிட்டு நான் வண்டி ஓட்டிக்கொண்டே எண்ணுவேன். இப்போது அய்யன் முதல் பாத்தியில் நிற்கிறார். இப்போது அடைத்துவிட்டார், மண்வெட்டியைத் திருப்பி இரண்டு தட்டு தட்டுகிறார், இடது குதிகாலால் ஓர் அழுத்து அழுத்துகிறார். அது அவர் வழக்கம், அந்தக் குதிகால் அழுத்தல். இப்போது இரண்டாவது. இப்போது மூன்றாவது. வெளியே மகாராஷ்டிரம் போகும், உள்ளே என் தோட்டம் ஓடும். அய்யனோடு நான் இருந்ததெல்லாம் அப்படித்தான். ஒரு மாதத்தில் நேரில் பேசியது பத்து வார்த்தை இருக்காது. ஆனால் மாதம் பதினைந்து நாள் அவரோடு பாத்தி பாத்தியாக நடந்திருக்கிறேன்.

அந்த வருடம் புரட்டாசியில் மழை இல்லை. கிணற்றில் தண்ணீர் கீழே போய்விட்டது. அன்று என் முறை. நான் ஆதிலாபாத் தாண்டி ஒரு தாபா வாசலில் வண்டியை நிறுத்தியிருந்தேன். பல் துலக்கிவிட்டுக் காலை ஆறு இருபதுக்குக் கிணற்றைக் கூப்பிட்டேன். மும்முனை மின்சாரம் இருக்கிறது என்றது. ஒன்றை அழுத்தினேன். மோட்டார் ஓடிக்கொண்டிருக்கிறது, நன்றி என்றது.

தம்பி சொன்ன கதையில் காலையிலிருந்து கரண்டே இல்லை.

இப்போது புரிகிறதா, ஏன் நம்பவில்லை என்று?

அன்றைக்கும் எண்ணினேன். வண்டியை எடுத்து ரோட்டுக்கு வந்தபோது ஒன்று. ஒரு பாலம் தாண்டியபோது நான்கு. டீசல் போட்டபோது ஏழு. எட்டு. ஒன்பது. எட்டு பத்துக்குப் பத்தாவது பாத்தி முடிந்திருக்க வேண்டும். கிணற்றில் தண்ணீர் எவ்வளவு நிற்கும் என்று கவலை வந்து மறுபடியும் கூப்பிட்டேன். "மும்முனை மின்சாரம் இருக்கிறது. மோட்டார் ஓடவில்லை. மோட்டாரை இயக்க ஒன்றை அழுத்தவும்" என்றது.

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. கரண்ட் இருக்கிறது, மோட்டார் ஓடவில்லை என்றால் யாரோ கையால் நிறுத்தியிருக்கிறார்கள். என் முறையில். ஒன்றின் மேல் விரலை வைத்துவிட்டேன். அந்த நேரத்தில் சென்னியப்பன் கூப்பிட்டான்.

"அண்ணா, வண்டி ஓட்டிட்டு இருக்கீங்ளா?"

"ஆமா. மோட்டார..."

"மொதல்ல ஓரமா நிறுத்துங்ணா."

"என்ன விசயம், சொல்லு."

"நீங்க நிறுத்துங்க. நிறுத்திட்டேன்னு சொல்லுங்க, அப்பறம் சொல்றேன்."

நிறுத்தினேன். அதற்குப் பிறகுதான் அந்தக் கதையைச் சொன்னான். காப்பித்தண்ணி, டம்ளர், கட்டில், கரண்ட் இல்லை.

வண்டியைத் தெரிந்த பங்க்கில் விட்டுவிட்டு, பஸ் மாறி ரயில் மாறி மறுநாள் மதியம் போய்ச் சேர்ந்தேன். கொள்ளி வைக்க மூத்தவன் வர வேண்டும் என்று கண்ணாடிப் பெட்டியில் வைத்துக் காத்திருந்தார்கள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. புது வேட்டி கட்டியிருந்தார். காலெல்லாம் சுத்தமாகக் கழுவியிருந்தது. நகத்தில்கூட மண் இல்லை. தோட்டத்தில் இருக்கும் ஒரு மனிதனின் கால் அப்படி இருந்து நான் பார்த்ததில்லை.

காரியமெல்லாம் முடிந்து ஆட்கள் கலைந்த பிறகு, என் தோட்டத்துக்குப் போய் நின்றேன்.

தண்ணீர் பாய்ந்த மண் உங்களுக்குத் தெரியுமோ என்னவோ. இரண்டு நாள் ஆனாலும் கறுத்துத் தெரியும், மேலே மெல்லிய ஏடு கட்டியிருக்கும். பாயாத மண் வெளுத்து வெடித்திருக்கும். என் தோட்டத்தில் முதல் ஆறு பாத்தி கறுப்பு. ஏழாவது மடை திறந்தபடி கிடந்தது. அதில் தண்ணீர் நிரம்பி வழிந்து வரப்பு உடைந்திருந்தது. எட்டாவதிலிருந்து வெளுப்பு. ஆறு மடைகளும் ஒழுங்காக அடைத்திருந்தன. மண்வெட்டியால் இரண்டு தட்டு. இடது குதிகால் தடம்.

ஆறு தடம். எண்ணினேன்.

அப்புறம் நான் என்ன செய்தேன் தெரியுமா? குனிந்து கும்பிடவில்லை. தம்பியைக் கூப்பிட்டுக் கேட்கவில்லை. என் செருப்புக் காலாலேயே ஒவ்வொன்றாக அந்த ஆறு தடத்தையும் தேய்த்து அழித்தேன். யாரும் பார்த்துவிடக் கூடாது என்று என்னிடமே சொல்லிக்கொண்டேன். யார் பார்க்கப்போகிறார்கள்? அந்தத் தடத்தைப் படிக்கத் தெரிந்தவர்கள் உலகத்திலேயே இரண்டு பேர்தான். ஒருவன் நான்.

பொறுங்கள், முன்னால் போகும் டேங்கரைத் தாண்டிக்கொள்கிறேன். இந்த வளைவில்தான் நிறைய வண்டி படுக்கும்.

அன்றிலிருந்து சென்னியப்பனோடு பேச்சைக் குறைத்துவிட்டேன். வயசான மனிதனைப் பார்த்துக்கொள்ளத் துப்பில்லாமல் சாக விட்டுவிட்டான், அதை மறைக்கக் கதை கட்டுகிறான். இப்படித்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேன். ஹைதராபாத்தில் சொல்லியிருக்கிறேன், நாக்பூர் லோடு ஆபீசில் சொல்லியிருக்கிறேன். கேட்பவர்களெல்லாம் என் பக்கம்தான் பேசுவார்கள். ரோட்டில் பார்க்கிறவர்கள் எப்போதும் நம் பக்கம்தான். ஒரு டீ குடிக்கிற நேரத்துக்கு நம் பக்கம் இருப்பதில் அவர்களுக்கு என்ன நஷ்டம்? நீங்களும் இப்போது என் பக்கம்தான் இருப்பீர்கள்.

அவன் பெண் கல்யாணத்துக்குப் போனேன், பெரியப்பன் போகாமல் இருக்க முடியாது. முன் வரிசையில் உட்கார்ந்தேன். முகூர்த்தம் முடிந்ததும் சாப்பிடாமல் எழுந்து வந்துவிட்டேன். எங்கள் பக்கத்தில் அதைவிடப் பெரிய அடி இல்லை. சென்னியப்பன் தூக்குப்போசியில் சோறு எடுத்துக்கொண்டு ரோடு வரைக்கும் ஓடி வந்தான். புது வேட்டி தடுக்கத் தடுக்க.

"அண்ணா, எம்மேல கோவம்னா இருக்கட்டும். வழியில பசிக்குமுங்ணா."

நான் கியரைப் போட்டேன். கண்ணாடியில் பார்த்தேன், தூக்குப்போசியோடு நின்றுகொண்டிருந்தான். அவ்வளவு தூரம் வரைக்கும் தெரிந்தான். இந்தக் கண்ணாடிகள் பெரிது.

தோட்டத்தை மட்டும் விடவில்லை. அய்யன் போன பிறகும் என் முறைக்கு என் மோட்டாரை நான்தான் போடுகிறேன். இந்த ஏழு வருடத்தில் ஒரு முறைகூடத் தண்ணீர் தவறவில்லை. ரங்கநாயகியிடம் ஒரு தடவை கேட்டேன், யார் தண்ணீர் கட்டுவது என்று. "ஆள் வெச்சிருக்குது" என்றாள். நல்ல ஆள் என்று நினைத்துக்கொண்டேன். வரப்பு ஒன்றும் உடையாது, மடை ஒன்றும் கசியாது. இந்தக் காலத்தில் அப்படி ஆள் கிடைப்பது அபூர்வம். எந்த ஊர் ஆள், பேர் என்ன என்று கேட்டதில்லை. தண்ணீர் போகிறது, மஞ்சள் விளைகிறது. எண்ணுவதை மட்டும் நிறுத்திவிட்டேன். மோட்டார் ஓடிக்கொண்டிருக்கிறது, நன்றி என்றதும் போனை வைத்துவிடுவேன். மூன்றாவது பாத்திக்கு மேல் என்னால் போக முடியவில்லை.

நான் ஒன்றை விட்டுவிட்டேன். விட்டுவிட்டேன் என்று சொல்வதா, ஒளித்தேன் என்று சொல்வதா தெரியவில்லை. எப்போது இந்தக் கதையைச் சொன்னாலும் அந்த இடத்தைத் தாண்டித்தான் போவேன்.

அதற்கு முந்தின நாள் சாயங்காலம் சென்னியப்பன் என்னைக் கூப்பிட்டிருந்தான்.

"அண்ணா, அய்யனுக்கு ரெண்டு நாளாக் காய்ச்சலுங். டாக்டரு எந்திரிக்கக் கூடாதுங்கறாரு. நாளைக்கு மோட்டார் போட வேண்டாமுங்ணா."

"எம் மொறைக்கு நான் போடறத வேண்டாங்கறதுக்கு நீ யாரு?"

"அதுக்கில்லீங்ணா. சத்தம் கேட்டா எந்திரிச்சுப் போயிருவாரு."

"நீ போயிக் கட்டு. உனக்குக் கையில்லையா?"

"என்னையத் தொட வுட மாட்டாருன்னு உங்களுக்குத் தெரியாதுங்ளா? ஒரு மொறை போனாப் போவுது. எம் மொறையில ஒண்ணச் சேத்தி எடுத்துக்கங்க."

"அப்ப நாளைக்கு யாரு ஓட்டுவா? நீ ஓட்டுவியா, உங் கரும்புக்கு?"

அவன் "செரிங்ணா" என்று வைத்துவிட்டான்.

போன கோடையில் என் முறையில் அவன் கரும்புக்கு இரண்டு மணி நேரம் ஓட்டிவிட்டான் என்று எவனோ ஒருத்தன் என் காதில் போட்டிருந்தான். உண்மையா பொய்யா தெரியாது. ரோட்டில் இருக்கிறவனுக்கு ஊரிலிருந்து வருவதெல்லாம் காதில் விழுவதுதான். நல்லது ஒருத்தன் சொன்னால் பாதிதான் நம்புவோம். கெட்டது ஒருத்தன் சொன்னால் ஆயிரம் கிலோமீட்டருக்குச் சுமந்துகொண்டு போவோம்.

அதனால் மறுநாள் ஒன்றை அழுத்தினேன். அய்யனை மறந்து அழுத்தவில்லை. அது தெரிய வேண்டும் உங்களுக்கு. காய்ச்சல் என்பதே புளுகு என்று நினைத்து அழுத்தினேன். புளுகு என்றுதான் நினைத்தேனா, அப்படி நினைக்க ஆசைப்பட்டேனா என்பது இன்னொரு கேள்வி. அதைத்தான் ஏழு வருடமாக இந்த ஸ்டியரிங்கிடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

என் முறையில் ஸ்டார்ட்டரைத் தொடக் கூடாது என்பதற்காக, கூப்பிட்டுக் கெஞ்சினவன் அவன். தொட்டு ஒரு வயரைக் கழற்றிவிட்டிருந்தால் முடிந்திருக்கும். முறை என்று விட்டுவிட்டான். அப்படிப்பட்டவன் எட்டு பத்துக்குள் என் மோட்டாரைக் கையால் நிறுத்தியிருக்கிறான் என்றால்.

இந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் ரேடியோவைப் போட்டுவிடுவேன்.

போன வாரம் நாக்பூரிலிருந்து திரும்பினேன். நான்கு நாளைக்கு முன்னால், காலை பத்து மணி. என் முறை. வருகிறேன் என்று யாருக்கும் சொல்லவில்லை. தோட்டத்துக்குப் பிரிகிற இடத்தில் பாலத்தோரம் வண்டியை நிறுத்திவிட்டு, அங்கேயே நின்று கிணற்றைக் கூப்பிட்டேன். ஏன் அங்கே நின்று கூப்பிட்டேன் என்று கேட்காதீர்கள். அரைக் கிலோமீட்டரில் இருக்கிற மோட்டாரைக் கையால் போய்ப் போடலாம். ஒன்றை அழுத்தினேன். அந்தப் பெண் வழக்கம்போல நன்றி சொன்னாள். அதே நேரத்தில் காற்றில் மோட்டார் சத்தமும் கேட்டது. பத்து வருடத்தில் இரண்டையும் சேர்த்துக் கேட்டது அதுதான் முதல் தடவை.

இரண்டு பக்கமும் கிளுவை வேலி, நடுவே வண்டித்தடம். அதன் வழியாக நடந்து போனேன். வேலி முடியும் இடத்தில் சென்னியப்பன் வீட்டுப் பின்வாசல் தெரியும். அவன் திண்ணையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான். தண்ணீர் தொட்டியில் விழுந்தது. தட்டைக் கீழே வைத்துவிட்டு எழுந்தான்.

"உண்டு போட்டுத்தான் போங்களேன்" என்றாள் சாந்தாமணி. "தண்ணி பத்து நிமிசம் கழிச்சுத்தான் அங்க போவும்."

"இரு புள்ள. வந்து உண்கறேன்."

"ஏழு வருசமா ஒரு வேளை சோறு முழுசா உண்ண உட்டிருக்கறாரா அவரு? எங்க போயிருந்தாலும் மோட்டாரு நேரத்துக்கு ஓடியாந்தர்றீங்க. ஆள் வெச்சிருக்குதுன்னு அக்கா சொல்லி வெச்சிருக்குது. அந்த ஆளுக்குச் சோறாக்கிப் போடறவ நான் ஒருத்தி இருக்கறதாவது அவருக்குத் தெரியுமா?"

"தெரிய வேண்டாம்."

"ஊட்டுக்கு வந்து ஒரு வாய்த் தண்ணி குடிக்க மாட்டாரு. அவருக்குப் போயி."

சென்னியப்பன் சுவரில் சாய்த்திருந்த மண்வெட்டியை எடுத்துத் தோளில் போட்டான். அய்யனுடைய மண்வெட்டி. காம்பில் அவர் சுற்றிய செம்புக் கம்பி அப்படியே இருந்தது.

"அண்ணன் கூப்பிடறாரு புள்ள" என்றான். கோபமில்லாமல், சலிப்பும் இல்லாமல், பக்கத்து அறையிலிருந்து யாரோ கூப்பிட்டதற்குப் பதில் சொல்கிற மாதிரி.

நான் வேலிக்குப் பின்னால் நின்றேன். அவன் போன பிறகும் கொஞ்ச நேரம் நின்றேன். கிளுவை முள்ளில் சட்டை மாட்டிக்கொண்டது, அதை எடுக்கவே நேரமானது. அப்புறம் பின்னாலேயே போனேன்.

ஏழு வருடமாக ஒரு கேள்வியை மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். அன்றைக்கு மோட்டாரை நிறுத்தினது யார்? இதுதான் கேள்வி. கரண்டே இல்லை என்றவன் இதற்கு என்ன சொல்வான் என்று பார்க்க வேண்டும். அவன் முகம் விழுவதைப் பார்க்க வேண்டும். எத்தனையோ கணவாய்களில் இந்தக் கேள்வியைச் சத்தம் போட்டுச் சொல்லிப் பார்த்திருக்கிறேன். இந்தக் கணவாயிலும்தான்.

தோட்டத்தில் அவன் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். தலை பாதி நரைத்துவிட்டது. எப்போது நரைத்தது என்று தெரியவில்லை. முதல் பாத்தி நிரம்பியது. குனிந்து மண்ணை வெட்டி மடையில் போட்டான். மண்வெட்டியைத் திருப்பி இரண்டு தட்டு தட்டினான். இடது குதிகாலால் ஓர் அழுத்து அழுத்தினான்.

அவனுக்கும் படிக்கத் தெரியும். ஏழு வருடத்துக்கு முன்னால் நான் அழித்த இடத்தையும் அவன் படித்திருப்பான். ஆறு மடையிலும் அய்யன் தடத்தின் மேல் என் செருப்புத் தடம் இருந்திருக்குமே. அதைப் பார்த்துவிட்டுத்தான், நான் ஊரெல்லாம் அவனைப் பற்றிப் பேசியதைக் கேட்டுக்கொண்டு, கரண்ட் இல்லை என்ற ஒரே சொல்லில் ஏழு வருடம் நின்றிருக்கிறான்.

திரும்பினான். என்னைப் பார்த்ததும் முதலில் என் கைகளைத்தான் பார்த்தான். போன் இன்னும் கையில் இருந்தது.

"ஏனுங்ணா, எப்ப வந்தீங்க? வண்டி எங்க?"

"பாலத்துக்கிட்ட."

"நெழல்ல நிறுத்துனீங்ளா? டயரு சூடேறிரும்."

வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் அவன், இந்தப் பக்கம் நான். தண்ணீர் இரண்டாவது பாத்திக்குள் போய்க்கொண்டிருந்தது. அவன் மண்வெட்டியை என் பக்கம் நீட்டினான், வாங்கிக்கொள்ளுங்கள் என்கிற மாதிரி. அல்லது சும்மா கை மாற்றினானோ என்னவோ. நான் வாங்கவில்லை. செருப்பைக் கழற்றினேன்.

அதோ தர்மபுரி பைபாஸ் போர்டு தெரிகிறது. உங்களை மேம்பாலத்துக்குக் கீழே இறக்கிவிடுகிறேன், அங்கேயே டவுன் பஸ் நிற்கும். மணி என்ன? பதினொன்றா? இன்றைக்கு என் முறை. முந்தாநாளும் என் முறைதான். கிணற்றை இன்னும் கூப்பிடவில்லை. போன் அங்கே முன்னால்தான் கிடக்கிறது, காலையிலிருந்து பார்த்துக்கொண்டுதான் வருகிறேன்.

நான் கேட்டதைச் சொல்லிவிடுகிறேன், நீங்கள் இறங்குவதற்குள். மனப்பாடம் செய்து வைத்த கேள்வி வாயில் வரவில்லை. இரண்டாவது பாத்தி நிரம்பும் வரைக்கும் நின்றேன். அவன் அடைத்தான். மூன்றாவதைத் திறந்தான். நான் நின்ற இடத்திலிருந்து ஏழாவது வரைக்கும் கண்ணால் எண்ணிப் பார்த்துவிட்டுக் கேட்டேன்.

"சென்னியப்பா, அய்யன் எத்தனாவது பாத்தியில உழுந்து கெடந்தாரு?"